எடுக்கக் கூடாத போன்

1

இங்கே வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தோடு விளையாடுவார்கள். பனி விலகும் சமயத்தில் நம்மிடமிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், குளிர் தொடங்கும்போது திருப்பித் தருவார்கள். கனடாவுக்கு, இந்தக் கால்கரி நகரத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பிடிபடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தந்தார்கள். அடுப்பில் இருக்கும் கடிகாரத்தை நான் மாற்றினேன். காரில் இருப்பதை மாற்றச் சொன்னால் என் கணவர், "அதை விடு, மார்ச் வந்தா அதுவே சரியாயிடும்" என்றார். அவர் வேலூர்க்காரர். எதற்கும் அவசரப்பட மாட்டார்.

எனக்கு இந்த மாற்றம் ஒரு விஷயத்தில்தான் முக்கியம். கோடை முழுக்க மாலை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்த அப்பாவின் போன் இனி ஐந்து மணிக்கு வரும்.

அப்பா திருச்செங்கோட்டுப் பக்கத்தில், சங்ககிரி போகும் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. நான் ஒரே பெண். அவர் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்ததும் வாட்ஸ்அப்பில் என் படத்தைத் தொடுவார். அப்போது எனக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆபீஸ் முடிந்து ரயிலில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பேன். பையில் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றுவிடும். நான் எடுக்க மாட்டேன். எடுக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அப்பா எழுந்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

என்னோடு அதே ரயிலில் வரும் ஹெலன் ஒரு நாள் கேட்டாள், யார் அது, தினமும் அடித்துவிட்டு உடனே வைத்துவிடுகிறார்களே என்று. "என் அப்பா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. தவறிப்போன அழைப்பை எப்படிக் கொடுக்க முடியும் என்றாள். நியாயமான கேள்விதான். விளக்கினேன். இப்போது அழைப்பதற்குக் காசே இல்லையே, பிறகு ஏன் எடுத்துப் பேசக் கூடாது என்று அடுத்த கேள்வி. அதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது. நல்லவேளை, என்னிடம் பதில் இல்லை.

2

பதில் எங்கள் ஊர்ப் பக்கத்து ரிக் வண்டிகளில் இருக்கிறது. திருச்செங்கோட்டில் பிறந்தவர்களுக்கு ரிக் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: போர்வெல் போடும் இயந்திரத்தை லாரியில் ஏற்றி, கம்ப்ரஸர் வண்டி ஒன்றையும் சேர்த்துக்கொண்டு இந்தியா முழுவதும் போவார்கள். அப்பா டிரில்லர், அந்த இயந்திரத்தை இயக்கித் துளை போடுபவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் போய்விடுவார். மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது வீட்டுக்கு வருவார். வந்தால் தூங்குவார். என் சிறு வயதில் அப்பா என்றால் ஹாலில் குறுக்கே படுத்திருக்கும் ஒருவர், அவரை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும்.

செல்போன் வந்த புதிதில் ரோமிங் என்று ஒன்று இருந்தது. வெளி மாநிலத்தில் இருந்து பேசினாலும் காசு, வந்த போனை எடுத்தாலும் காசு. அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டார். புது பாயிண்ட்டுக்கு, அதாவது துளை போடப் போகும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விடுவார். வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் செய்தி. போகிற வழியெல்லாம் விபத்து நடக்கிற காலம், அந்த ஒரு ரிங் போதும் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். ஆண்கள் ரிக்கில் ஏறிப் போன வீடுகள் எல்லாவற்றிலும் இதே சட்டம்தான். எங்கள் தெருவில் போன் அடித்தால் யாரும் பதறிக்கொண்டு ஓடி வரமாட்டார்கள். அடித்து நிற்கும் வரை நின்று பார்ப்பார்கள்.

அம்மா போனை ஃபிரிட்ஜின் மேல் வைத்திருப்பாள். அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் வந்து நிற்பாள். நின்றதும், "உங்கப்பன் சேந்துட்டாரு" என்று எனக்குச் சொல்லிவிட்டு மறுபடி அடுப்படிக்குள் போவாள். சில நாள் இரண்டு, மூன்று ரிங் வரும். "கட் பண்ணத் தெரியாம முழிக்கறாரு பாரு" என்று சிரிப்பாள்.

ஒரு முறை கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தேன். அம்மா வெளியே போயிருந்தாள். போன் அடித்தது. எனக்கு அவரைப் பார்த்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. எடுத்து "அப்பா" என்றேன்.

"எதுக்கு எடுத்த? வெய்யி, வெய்யி!" என்று ஒரு சத்தம். கூடவே கம்ப்ரஸர் இரைச்சல். பிறகு ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் நான் எடுத்ததே இல்லை.

3

அம்மாவின் காரியம் முடிந்து நான் கனடா திரும்பிய மறுநாள் மாலை ரயிலில் முதல் தடவையாக அந்த ஒரு ரிங் வந்தது. பதறிப்போய்த் திருப்பி அழைத்தேன். அப்பா கட் பண்ணினார். மறுபடி அழைத்தேன். மறுபடி கட் பண்ணினார். கடைசியில் பக்கத்து வீட்டுச் சரசக்காவைப் பிடித்தேன். சரசக்கா வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். அப்பாவோடு பேசினால் பின்னணியில் எப்போதும் அந்தத் தறிச் சத்தம் கேட்கும்.

"ஒண்ணுமில்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கறாரு" என்றார். "எந்திரிச்சுட்டேன்னு புள்ளைக்குத் தெரியோணுமில்லன்னு சொல்றாரு."

இன்றைக்கும் எழுந்துவிட்டேன் என்பதைப் பெண்ணுக்குச் சொல்லும் முறை. கேட்டதும் ரயிலில் எல்லோர் முன்னாலும் அழுதேன். இங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பக்கத்திலிருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து எனக்கு மரியாதை செய்தார்.

தினசரி ரிங் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீடியோவில் அழைப்பேன். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இப்படி இருக்கும்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டன் சாமி. நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டனுங்க. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டன் சாமி. அங்க குளுரா?"

"ஆமாங்கப்பா."

"செரி. வெச்சரட்டுமா? காசு ஏறுது."

இதற்குக் காசு கிடையாது என்று நானும் சொல்லாத நாளில்லை. செரி செரி என்பார். வைத்துவிடுவார். முகம் தெரிந்தது, கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது, எனக்கும் மனம் நிறைந்துவிடும். அடுத்து மளிகை வாங்கப் போய்விடுவேன்.

என் மகள் தாரிணியை நடுவில் இழுத்துக் கொண்டுவந்து நிறுத்துவேன். அவளுக்குப் பதினைந்து வயது. அவளிடம் மீதியிருக்கும் தமிழ் மூன்று வாக்கியம். வீட்டில் சட்டம் போட்டேன், வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன், கோபித்துக்கொண்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நான் பெரிய யோக்கியமும் இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில் மேலாளர் ஏதோ கேட்க, "ஆமாங்க" என்று வாயில் வந்து மாட்டிக்கொண்டவள், ஊரில் ஆட்டோக்காரரிடம் "தேங்க்யூ, ஹேவ் எ குட் டே" என்று சொல்லி அவரை மிரள வைத்தவள்.

அப்பா தாரிணியிடம் ஒரே கேள்விதான் கேட்பார். "எத்தனாவது படிக்கற சாமி?"

"ஒம்பதாவது, அப்புச்சி."

சிறிது நேரத்தில் மறுபடி கேட்பார். ஒரு வாரம் அவள் "மூணாவது" என்றாள். "நல்லாப் படி சாமி" என்றார். அடுத்த வாரம் "காலேஜ்" என்றாள். அதற்கும் நல்லாப் படி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பாவுக்குப் பேத்தியின் படிப்பில் அவ்வளவு அக்கறை என்று என் கணவரிடம் கிண்டலாகச் சொன்னேன்.

4

போன வருடம் இதே போலக் கடிகாரம் மாறிய வாரம். ரயிலில் ஐந்து மணிக்கு ஒரு ரிங் வந்து நின்றது. அப்பா எழுந்துவிட்டார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் மறுபடி ஒரு ரிங். கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது இன்னொன்று. அரிசி களையும்போது இன்னொன்று.

அழைத்தேன். அவர் எடுக்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

"என்னங்கப்பா, என்ன ஆச்சு?"

"என்ன சாமி, ஒண்ணுமில்லியே."

"இத்தனை தடவை போன் போட்டீங்களே."

"நானா? நான் இன்னும் போடவே இல்ல. இப்பத்தான் எந்திரிச்சேன். போடலாம்னு எடுத்தேன், நீ கூப்புட்டுட்ட."

பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. சரசக்கா பட்டறையில் ஏழு மணிக்கு முன்னால் தறி ஓட்ட மாட்டார்கள். அவர் எழுந்து ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கும்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ரிங் வரவே இல்லை. அன்றைக்குச் சரசக்காவை அழைத்தேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"மோட்டாரப் போட்டுட்டு மறந்துடறாரு கண்ணு. தொட்டி ரொம்பி ரோட்டுல ஓடுது. நாந்தான் போயி நிறுத்தறேன். போன வாரம் கொழம்பு கொண்டுட்டுப் போனேன், நீ எந்த ஊரு சாமின்னு கேட்டாரு. இருபது வருசமாப் பக்கத்து ஊட்டுல இருக்கறேன்."

"ஏனுங்கக்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ அங்கிருந்து என்ன பண்ணுவ? அழுவ. எதுக்குன்னு உட்டுட்டேன்."

அவர் சொன்னது உண்மைதான், அதனால்தான் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு யோசித்தேன். அப்பா எல்லோரையும் சாமி என்பார். பால்காரரும் சாமி, பஸ் கண்டக்டரும் சாமி, தாரிணியும் சாமி, நானும் சாமி. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். அவர் என்னைக் கோமதி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்ற என் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, பேசுவது யாரென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தாரிணி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஐ நியூ இட், மாம்" என்றாள். விளையாட்டாக மாற்றி மாற்றிச் சொன்னதே அவர் கவனிக்கிறாரா என்று பார்க்கத்தானாம். கவனிக்கவில்லை என்று அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

5

ஜனவரியில் ஊருக்குப் போனேன். வாசலில் நின்றதும் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "வா சாமி, உள்ள வா. தண்ணி குடி" என்றார். விருந்தாளிக்குச் சொல்வது போல இருந்தது. சாயங்காலம் திடீரென்று, "கோமதி, நீ எப்ப வந்த?" என்றார். காலையில் வந்தவள் மறுபடி ஒரு முறை வந்துசேர்ந்தேன்.

சேலத்தில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினோம். படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், எண்ணச் சொன்னார்கள். மறதி நோயின் தொடக்கம்தான் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். பிறகு அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவர் ஒரு நாளைக்கு எத்தனை பேருகிட்டப் பேசுவாரு?"

சரசக்கா சாப்பாடு கொடுக்கும்போது ஒரு வார்த்தை. டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாராம், வழியில் பார்ப்பவர்களின் பேர் மறந்துபோய் அவமானம். ஞாயிற்றுக்கிழமை நான். இதைச் சொன்னேன்.

"நீங்க என்ன பேசுவீங்க?"

அதையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "அது விசாரிக்கறது மேடம். நான் கேட்டது பேசறது. ஆளே இல்லாம இருந்தா மூளைக்கு வேலையே இல்லாமப் போயிடும். தனிமை இதை இன்னும் சீக்கிரம் கீழ இழுக்கும். பேசினா சரியாயிடும்னு நான் சொல்லல. ஆனா தினமும் ஒருத்தர் உண்மையாப் பேசினா, இருக்கறது கொஞ்ச நாள் நிக்கலாம். போன்ல பேசினாக்கூடப் போதும். ஞாபகம் இருக்கா, ஞாபகம் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க. பரீட்சை வெக்காதீங்க."

கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னைக்குப் போனோம். இயந்திரம் அப்பாவின் விரலை ஏற்கவே இல்லை. வருடக்கணக்கில் துளைக்குள் இறக்கும் இரும்பு ராடும் கிரீஸும் பிடித்த கை, ரேகை தேய்ந்துவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. துணியால் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னாள்.

"ரேகையெல்லாம் மத்தியப் பிரதேசத்துல உட்டுட்டு வந்துட்டனுங்க" என்றார் அப்பா.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நானும்தான். எப்படியோ ரேகை ஏறியது. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, வந்தவர் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று. அவரைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளத்தான் நான் இத்தனையும் செய்கிறேன், திரும்பிப் போவார் என்று நானே கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் மறதி நோய் என்றதும் பின்வாங்கினார்கள். புது இடம் இவரை இன்னும் குழப்பும் என்று டாக்டரும் சொன்னார். அப்பாவிடமே கேட்டேன்.

"அங்க வந்து நான் யாரோட பேசறது?" என்றார்.

இங்கே யாரோட பேசறீங்க என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

6

பிப்ரவரியிலிருந்து தினமும் என் மாலை ஏழரைக்கு அழைக்க ஆரம்பித்தேன். அங்கே காலை எட்டு. சரசக்கா அப்போது இட்லி கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

முதல் சில வாரங்கள் சித்திரவதை. சாப்பிட்டாச்சா என்று கேட்டு முடித்ததும் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. யோசித்துப் பார்த்தால் நானும் அப்பாவும் பேசியே பழக்கமில்லை. எங்களுக்குள் இருந்த மொத்த உறவும் அடித்து நின்ற மணிச் சத்தம்தான். போன் என்றால் சீக்கிரம் வைக்க வேண்டிய பொருள் என்று அவர் கை பழகிவிட்டது. "வெச்சரட்டுமா" என்பார். "வெக்காதீங்கப்பா" என்பேன். வைக்காமல் உட்கார்ந்திருப்பார். தறிச் சத்தம் கேட்கும். திரையில் பாதி நேரம் அவர் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். நானும் பாத்திரம் கழுவிக்கொண்டே இருப்பேன். டாக்டர் சொன்ன பேச்சு இதுதானா என்று எரிச்சலாக வரும். சில நாள் போனை வைத்துவிட்டு எதற்கென்று தெரியாமல் அழுவேன்.

மார்ச்சில் கடிகாரம் மறுபடி மாறியது. அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் என்னைக் கேட்டார்.

"எங்க பாயிண்ட்டு?"

"என்னங்கப்பா?"

"வண்டி எங்க நிக்குது? எந்த ஊரு?"

நான் ரிக்கில் போயிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அப்பா, நான் கனடாவில் கம்பெனி ஒன்றில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். பரீட்சை வைக்காதீர்கள் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

"கால்கரிங்கப்பா."

"தூரமா?"

"ரொம்பத் தூரமுங்க."

"பாறை எப்பிடி?"

"கெட்டிப் பாறைங்கப்பா."

"தண்ணி வந்துச்சா?"

"இன்னும் வரலீங்க."

"வரும். அவசரப்பட்டு ராடை ஏத்தாத. ஒரு ராடு முழுசா எறங்கட்டும். புழுதி நெறம் மாறுதான்னு பாரு." பிறகு, "சோத்த நேரத்துக்குத் தின்னுக்கோ. ஊட்டயே நெனச்சுட்டு இருக்காத. கை நடுங்கும்" என்றார்.

என் வாழ்க்கையில் அப்பா எனக்குச் சொன்ன முதல் புத்திமதி. நான் பார்க்கும் வேலைக்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் குழாயை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் இத்தனை வருடத்தில் எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது, தண்ணி வந்துச்சா என்று.

அதற்குப் பிறகு பேச்சு ஓட ஆரம்பித்தது. நான் வெளியூரில் இருக்கிறேன், அவர் வீட்டில் இருந்து விசாரிக்கிறார். பனி பெய்தால் சொல்வேன். மேலாளரோடு சண்டை என்றால், ரிக்குக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜெண்ட்டோடு தகராறு என்று சொல்வேன். உடனே புரிந்துகொள்வார். தாரிணி என்னோடு பேசுவதே இல்லை என்று ஒரு நாள் சொன்னேன். "நான் வந்தாக்கூட நீ பேச மாட்ட. தாண்டித் தாண்டிப் போவ" என்றார். நான் தாண்டிப் போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பேசப் பேச நோய் ஓடிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மோட்டாரை இன்னும் சரசக்காதான் நிறுத்துகிறார். சரசக்கா பெயர் வருகிறது, மறுநாள் போகிறது. ஆனால் டீக்கடைக்கு மறுபடி போகிறாராம். "எம்புள்ள பாயிண்ட்டுல தண்ணி இன்னும் வரல" என்று அங்கே கவலைப்படுகிறாராம். நோய் கூடாமல் அப்படியே நிற்கிறது என்றால் அதுவே பெரிது என்றார் டாக்டர்.

7

இந்த வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

கடிகாரம் மாறிய மறுநாள், திங்கட்கிழமை, வழக்கம் போல அழைத்தேன். பேச்சு எங்கெங்கோ போய் அம்மாவிடம் வந்தது. அன்றைக்கு அவர் தெளிவாக இருந்தார். அம்மா இல்லை என்பதும் நான் யார் என்பதும் தெரிந்திருந்தது.

"உங்கம்மா ஒரு நாளுங்கூட எடுத்ததில்ல" என்றார்.

"எதைங்கப்பா?"

"போனைத்தான். எத்தன ஊருல இருந்து அடிச்சிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீங்கதான எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டீங்க."

"போட்டேன்." திரையில் அவர் நெற்றி விலகி முழு முகம் வந்தது. "நான் சொன்னா, எடுக்கவே கூடாதா?"

துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"ஒரு ரிங்குன்னு சொல்லிட்டு ரெண்டு மூணு உட்டுப் பாப்பேன். எடுக்க மாட்டா. கெட்டிக்காரி. எடுத்திருந்தா ஒரு வார்த்தை பேசியிருப்பேன். எல்லாரும் சாப்புடப் போயிருப்பாங்க, நான் வண்டிக்கடியில உக்காந்துட்டு இருப்பேன்." பிறகு, "நீ ஒருக்கா எடுத்த" என்றார்.

"ஆமாங்கப்பா. திட்டுனீங்க."

"திடுக்குன்னு எடுத்துட்ட. என்ன பேசறதுன்னு தெரியல."

போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சிரித்த அந்த இரண்டு, மூன்று ரிங்குகள். போன வருடம் ரயிலிலும் சமையலறையிலும் எனக்கு வந்து நின்ற ரிங்குகள். அவை மறதியால் வந்தவை என்று டாக்டர் சொன்னார், இருக்கலாம். எழுந்தது முதல் தறி ஓடத் தொடங்கும் ஏழு மணிவரை அந்த வீட்டில் ஒரு சத்தம்கூட இல்லை, அவர் ஒருவர்தான். அவை எல்லாமே மறதிதானா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ரயிலில் பையைத் திறந்து போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஐந்து மணி தாண்டியது. ஹெலன் இறங்கிப் போனாள். அப்பாவின் படம் திரையில் வந்தது. மணி அடித்தது. முதல் ரிங் முடிவதற்குள் எடுத்தேன்.

"அப்பா."

தறி இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. வெய்யி வெய்யி என்று கத்துவார் என்று காதிலிருந்து போனைச் சற்றுத் தள்ளியே வைத்திருந்தேன்.

"எடுத்துட்டியா?" என்றார்.

"எடுத்துட்டனுங்கப்பா."

"காசு போகுமே."

"போனாப் போகட்டுங்க."

"செரி" என்றார். பிறகு, "எங்க இருக்கற?"

"வண்டியில போயிட்டிருக்கறேன். ஊட்டுக்கு."

"பாத்துப் போ. போய்ச் சேந்ததும் ஒரு ரிங் உடு" என்று வைத்துவிட்டார்.

நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்தேன். தெருவில் ஆள் இல்லை. கணவர் வர நேரமாகும், தாரிணிக்குப் பள்ளியில் ஏதோ விளையாட்டுப் பயிற்சி. வீடு பூட்டிக் கிடந்தது. திறந்து விளக்கைப் போட்டேன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அப்பாவுக்கு ஒரு ரிங் விட்டேன். கட் பண்ணுவதற்கு விரலைத் தயாராக வைத்திருந்தேன்.

அதற்குள் எடுத்துவிட்டார்.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டனுங்கப்பா."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அவர் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வெச்சரட்டுமா என்று அவர் கேட்கவில்லை.